டெபியனில் வழு அறிவித்தல்

டெபியனில் வழு அறிவித்தல் என்பது, டெபியன் இயங்குதளத்தின் மென்பொருட் பொதிகளில் காணப்படும் வழுக்களை அப்பொதிகளின் பராமரிப்பாளர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கும் முறை ஆகும். அறிக்கைகள் யாவும் டெபியன் வழுக் கண்காணிப்பு முறைமை எனப்படும் தரவுத்தளத்தில் எண்ணிடப்பட்டுப் பதிவாகின்றன. அத்தரவுத்தளத்தை எவரும் படிக்கலாம். பயனர் கணக்கு எதுவும் இன்றி, மின்னஞ்சல் முகவரி ஒன்று மட்டும் உள்ள எவரும் அதில் எழுதலாம். கட்டற்ற மென்பொருள் உலகில் இன்றும் இயங்கிவரும் வழு அறிவிப்பு முறைகளுள் இது மிகப் பழையவற்றுள் ஒன்று. 1994இல் தொடங்கிய இம்முறைமையில் பத்து இலட்சமாவது எண் கொண்ட அறிக்கை 2021இல் பதிவானது.

டெபியன் பெரும்பாலும் தன்னார்வலர்களால் ஆக்கப்படுவது. பொதியொன்றைப் பயன்படுத்துவோர் பல்லாயிரவராக இருக்க, அதைப் பராமரிப்பவர் ஒருவராகவோ சிலராகவோ இருப்பர். பராமரிப்பாளரிடம் இல்லாத வன்பொருளிலும், அவர் அறியாத மொழியிலும், அவர் எண்ணிப் பாராத பயன்பாட்டிலும் தோன்றும் வழுக்கள் பயனரின் அறிக்கை வழியாகவே அவருக்குத் தெரியவருகின்றன.

பின்னணி

நிரல் ஒன்று செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதும், செய்யக்கூடாததைச் செய்வதும் வழு எனப்படும். நிறுவுவதற்கு ஏற்றவாறு கட்டப்பட்ட மென்பொருள் பொதி எனப்படும். 2025 ஆகஸ்டு மாதம் வெளியான டெபியன் 13இல் 69,000இற்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. இவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் மூலநிரலை டெபியன் திட்டத்தினர் எழுதவில்லை. வேறு திட்டங்களில் எழுதப்பட்ட மென்பொருளை எடுத்து, டெபியனின் விதிகளுக்கு ஏற்பக் கட்டி, பிற பொதிகளோடு முரண்படாமல் இயங்கச் செய்வதே பராமரிப்பாளரின் பணி. மென்பொருள் முதலில் எழுதப்படும் இடம் இக்கட்டுரையில் மூலத் திட்டம் என்றும், அங்கு எழுதுவோர் மூல ஆக்குநர் என்றும் குறிக்கப்படுகின்றனர்.

எனவே ஒரு வழுவுக்குப் பொறுப்பான இடம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். மூலநிரலிலேயே பிழை இருக்கலாம். பொதியாகக் கட்டும்போது பிழை நுழைந்திருக்கலாம். அல்லது அம்மென்பொருள் சார்ந்திருக்கும் வேறொரு பொதியில் பிழை இருக்கலாம். இவற்றுள் எது என்று பயனரால் பெரும்பாலும் கூறமுடியாது. அதனால் டெபியன் பயனர்கள் முதலில் டெபியனுக்கே அறிவிக்கவேண்டும் என்றும், மூலத் திட்டத்துக்குச் சேரவேண்டியதைப் பராமரிப்பாளர் அங்கு அனுப்பவேண்டும் என்றும் வழக்கம் ஏற்பட்டுள்ளது.

வரலாறு

டெபியன் திட்டத்தை இயன் மர்டாக் 1993 ஆகஸ்டு 16 அன்று தொடங்கினார். அடுத்த ஆண்டு இயன் ஜாக்சன் வழு அறிக்கைகளைப் பதிவதற்கான மென்பொருளை எழுதினார். டெப்பக்ஸ் என்று பெயர்பெற்ற இது பேர்ள் மொழியில் எழுதப்பட்டது. இணைய உலாவிகள் பரவலாகாத காலத்தில் பிறந்ததால், அறிக்கை பெறுதல், பதில் பெறுதல், வகைப்படுத்தல், மூடுதல் ஆகிய அனைத்தும் மின்னஞ்சல் வழியாக நடக்கும்படி இது அமைக்கப்பட்டது. வலைப்பக்கங்கள் அறிக்கைகளைப் படிப்பதற்கும் தேடுவதற்கும் மட்டுமே பயன்படுகின்றன.

1997 ஜூலை மாதம் டெபியன் சமூக ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. பயனருக்குத் திட்டம் அளிக்கும் வாக்குறுதிகளைக் கூறும் இவ்வாவணத்தின் ஒரு பிரிவு, சிக்கல்களை மறைப்பதில்லை என்றும், வழுத் தரவுத்தளம் முழுவதும் எப்போதும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் என்றும் உறுதி கூறுகிறது. அதுவரை வெறும் நடைமுறையாக இருந்த வெளிப்படைத்தன்மை இதன்மூலம் கொள்கையாயிற்று.

ஐந்து இலட்சமாவது அறிக்கை 2008இல் பதிவானது. அதற்கு முன் 2005இல் பதிப்புக் கண்காணிப்பு வசதி சேர்க்கப்பட்டது. ஒரே பொதியின் வெவ்வேறு பதிப்புகள் நிலையான வெளியீட்டிலும், சோதனைப் பிரிவிலும், அன்ஸ்டேபிள் எனப்படும் வளர்ச்சிப் பிரிவிலும் ஒரே காலத்தில் இருப்பதால், ஒன்றில் திருத்தப்பட்ட வழு மற்றொன்றில் எஞ்சியிருக்கக்கூடும். வழு எந்தப் பதிப்பில் காணப்பட்டது, எந்தப் பதிப்பில் திருத்தப்பட்டது என்பதை இவ்வசதி தனித்தனியே நினைவில் வைக்கிறது.

அறிக்கை அனுப்பும் முறை

அறிக்கையை அனுப்புமுன் அதே வழு ஏற்கெனவே பதிவாகியுள்ளதா என்று தேடிப் பார்த்தல் வேண்டும். பதிவாகியிருந்தால் புதிய அறிக்கைக்கு மாறாக, பழைய அறிக்கையின் எண்ணுக்குரிய முகவரிக்குக் கூடுதல் விவரங்களை அனுப்புவது வழக்கம். புதிய பதிப்பொன்று வெளியாகியிருந்தால் அதில் வழு நீடிக்கிறதா என்று சோதிப்பதும் பயனுடையது.

புதிய அறிக்கைகள் சப்மிட் என்னும் பெயருடைய மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பப்படுகின்றன. மடலின் உடற்பகுதியில் முதல் வரிகள் முறைமை படித்து அறிவதற்கு உரியவை. முதல் வரி பொதியின் பெயரையும் அடுத்த வரி பதிப்பு எண்ணையும் தரும். வேண்டுமாயின் கடுமை நிலையையும் குறிச்சொற்களையும் அடுத்தடுத்த வரிகளில் தரலாம். ஒரு வெற்று வரிக்குப் பின் அறிக்கையின் உரை தொடங்குகிறது. மடலின் தலைப்பே வழுவின் தலைப்பாகிறது. சிறிது நேரத்தில் முறைமை வழுவுக்கு ஓர் எண் இட்டு, அனுப்பியவருக்கு ஒப்புகை மடல் அனுப்பி, பராமரிப்பாளருக்கு அறிக்கையின் நகலைச் சேர்ப்பிக்கும்.

இவ்வரிகளைக் கையால் எழுதுவதற்கு மாறாக ரிப்போர்ட்பக் என்னும் நிரலைப் பயன்படுத்தலாம். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இந்நிரல் பொதியின் பதிப்பு, அது சார்ந்துள்ள பொதிகளின் பதிப்புகள், கருனியின் பதிப்பு, கணினியின் கட்டமைப்பு, மொழி அமைப்பு ஆகியவற்றைத் தானே திரட்டி மடலில் சேர்க்கிறது. அதே பொதிக்கு முன்னர் வந்த அறிக்கைகளையும் காட்டுகிறது. இரட்டிப்பு அறிக்கைகள் குறைய இது உதவுகிறது.

அறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. நிரல் தமிழிலோ வேறு மொழியிலோ பிழைச்செய்தி காட்டினால், மொழி அமைப்பைத் தற்காலிகமாக மாற்றி அச்செய்தியின் ஆங்கில வடிவத்தைப் பெற்று அறிக்கையில் சேர்ப்பது நலம். மூலநிரலில் அச்செய்தி எங்குள்ளது என்று பராமரிப்பாளர் தேடிக் காண இது வழிசெய்யும்.

நல்ல அறிக்கையின் கூறுகள்

ஒரு நிரல் வேலை செய்யவில்லை என்று மட்டும் கூறும் அறிக்கையைக் கொண்டு பராமரிப்பாளர் எதுவும் செய்யவியலாது. அவருடைய கணினியில் அதே நிரல் நன்றாக இயங்கிக் கொண்டிருக்கும். ஆகவே, பயனர் கண்டதைப் பராமரிப்பாளரும் தம் கணினியில் காணும்படி செய்வதே அறிக்கையின் முதல் நோக்கம். பட்டி மென்பொருளின் ஆக்குநரான சைமன் டாத்தம் வழு அறிவித்தல் பற்றி 1999இல் எழுதிய கட்டுரையும் இதனையே வலியுறுத்துகிறது. அக்கட்டுரை பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, பல திட்டங்களால் பயனருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.

பயனுள்ள அறிக்கையில் பொதுவாகப் பின்வருவன இடம்பெறும்:

- வழுவைத் தோற்றுவிக்கும் படிகள், செய்த வரிசையில்.
- எதிர்பார்த்த விளைவு என்ன, கிடைத்த விளைவு என்ன என்ற இரண்டும்.
- பிழைச்செய்தியின் முழு வாசகம், திரையில் உள்ளவாறே. சுருக்கியோ நினைவிலிருந்தோ எழுதுவது தேடலைக் கெடுக்கும்.
- வழு எப்போதும் தோன்றுகிறதா, சில வேளைகளில் மட்டும் தோன்றுகிறதா என்ற விவரம்.
- முந்தைய பதிப்பில் வழு இருந்ததா என்ற விவரம். இல்லையெனில் தேடவேண்டிய மாற்றங்களின் எல்லை குறுகிவிடும்.
- வழுவைத் தூண்டும் மிகச் சிறிய உள்ளீட்டுக் கோப்பு. நூறு பக்க ஆவணம் ஒன்று நிரலை முறிக்குமாயின், பக்கங்களைப் பாதிபாதியாக நீக்கிப் பார்த்து, முறிவைத் தரும் சில வரிகளைக் கண்டறியலாம்.
- நிரல் முறிந்து நின்றால், நின்ற வேளையில் எந்தெந்தச் செயற்கூறுகள் அழைக்கப்பட்டிருந்தன என்று காட்டும் பின்தடம்.

கண்டதையும் ஊகித்ததையும் பிரித்து எழுதுதல் இவை எல்லாவற்றினும் முதன்மையானது. காரணம் இதுவாக இருக்கலாம் என்ற ஊகத்தை எழுதுவதில் தவறில்லை. ஆனால் ஊகத்தை மட்டும் எழுதி, அதற்கு இட்டுச்சென்ற காட்சியை விட்டுவிட்டால், ஊகம் பொய்க்கும்போது அறிக்கையில் எதுவும் எஞ்சாது. அவ்வாறே, ஓர் அறிக்கையில் ஒரு வழு மட்டுமே இடம்பெறவேண்டும். இரண்டு வழுக்களைச் சேர்த்து எழுதினால், ஒன்று திருத்தப்பட்டதும் அறிக்கை மூடப்பட்டு மற்றது மறக்கப்படக்கூடும்.

பின்தடங்களிலும் பதிவுக் கோப்புகளிலும் கடவுச்சொற்கள், வழங்கிகளின் பெயர்கள், தனிப்பட்ட கோப்புப் பெயர்கள் ஆகியன கலந்திருக்கக்கூடும். அறிக்கை பொதுவில் நிலைத்திருப்பதால் இவற்றை அனுப்புமுன் நீக்கிவிடவேண்டும். அனுப்புநரின் மின்னஞ்சல் முகவரியும் பொதுவில் தெரியும்.

கடுமை நிலைகள்

ஒவ்வொரு வழுவுக்கும் ஏழு கடுமை நிலைகளுள் ஒன்று வழங்கப்படுகிறது.

- கிரிட்டிக்கல்: தொடர்பற்ற பிற மென்பொருளையோ கணினி முழுவதையுமோ செயலிழக்கச் செய்வது, கடுமையான தரவு இழப்பை விளைவிப்பது, அல்லது பொதியை நிறுவிய கணினியில் பாதுகாப்பு ஓட்டையை ஏற்படுத்துவது.
- கிரேவ்: பொதியையே பயன்படுத்த முடியாமல் செய்வது, தரவு இழப்பை விளைவிப்பது, அல்லது பொதியைப் பயன்படுத்துவோரின் கணக்குகளுள் பிறர் நுழைய இடந்தருவது.
- சீரியஸ்: டெபியன் கொள்கை ஆவணத்தின் கட்டாய விதியை மீறுவது, அல்லது பராமரிப்பாளரோ வெளியீட்டு மேலாளரோ வெளியீட்டுக்குத் தகாதது என்று கருதுவது.
- இம்பார்ட்டன்ட்: பொதியின் பயன்பாட்டைப் பெரிதும் பாதிப்பது, எனினும் எல்லோருக்கும் முற்றிலும் பயனற்றதாக்காதது.
- நார்மல்: நிலை எதுவும் குறிப்பிடாதபோது இயல்பாக வழங்கப்படுவது.
- மைனர்: பயன்பாட்டைப் பாதிக்காத, எளிதில் திருத்தக்கூடிய சிறு பிழை.
- விஷ்லிஸ்ட்: புதிய வசதிக்கான வேண்டுகோள், அல்லது அடிப்படை வடிவமைப்பின் காரணமாகத் திருத்துவதற்கு மிகக் கடினமானது.

முதல் மூன்று நிலைகளும் வெளியீட்டைத் தடுக்கும் வழுக்கள் எனப்படுகின்றன. இவ்வகை வழுக்களுக்குத் தீர்வு காணாமல் நிலையான வெளியீடு வெளிவருவதில்லை. வழு திருத்தப்படும்; அல்லது அப்பொதி வெளியீட்டிலிருந்து நீக்கப்படும்; அரிதாக, வெளியீட்டு மேலாளர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள முடிவுசெய்வர். 2013 முதல், இத்தகைய வழு நெடுநாள் திருத்தப்படாதிருக்கும் பொதிகள், முன்னறிவிப்புக்குப் பின் சோதனைப் பிரிவிலிருந்து தானியங்கியாக நீக்கப்பட்டு வருகின்றன. இதனால் கடுமை நிலை என்பது வெறும் அடையாளமாக இல்லாமல், ஒரு மென்பொருள் அடுத்த வெளியீட்டில் இடம்பெறுமா என்பதை முடிவுசெய்வதாக உள்ளது. பயனர் தம் எரிச்சலின் அளவைக் கொண்டு கடுமை நிலையை உயர்த்துவது முறையன்று.

குறிச்சொற்கள்

கடுமை நிலையோடு, வழுவின் தன்மையையும் நிலவரத்தையும் காட்டும் குறிச்சொற்களும் இடப்படுகின்றன. திருத்தத்துக்கான மூலநிரல் மாற்றம் அறிக்கையுடன் இணைக்கப்பட்டிருந்தால் பேட்ச் என்றும், மேலும் விவரம் தேவைப்பட்டால் மோர்இன்ஃபோ என்றும், பராமரிப்பாளரால் வழுவைத் தோற்றுவிக்க இயலாதபோது அன்ரீப்ரொடியூசிபிள் என்றும், பிழை மூலத் திட்டத்துக்குரியது எனில் அப்ஸ்ட்ரீம் என்றும், பராமரிப்பாளர் திருத்துவதில்லை என்று முடிவுசெய்தால் வோன்ட்ஃபிக்ஸ் என்றும் குறிக்கப்படும். புதிதாகப் பங்களிப்போர் எடுத்துச் செய்வதற்கு ஏற்ற எளிய வழுக்களுக்கு நியூகமர் என்ற குறிச்சொல் உள்ளது.

வழுவின் நிலை மாற்றங்கள்

அறிக்கை வந்தபின் அதன் மீதான செயல்கள் யாவும் கன்ட்ரோல் என்னும் முகவரிக்கு அனுப்பப்படும் கட்டளைகளால் நிகழ்கின்றன. கடுமை நிலையை மாற்றுதல், தலைப்பைத் திருத்துதல், ஒரே வழு பற்றிய அறிக்கைகளை ஒன்றிணைத்தல், ஓர் அறிக்கையை இரண்டாகப் பிரித்தல், வேறு பொதிக்கு மாற்றுதல், மூடிய வழுவை மீண்டும் திறத்தல் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. இக்கட்டளைகளை அனுப்புவதற்குக் கடவுச்சொல்லோ சிறப்பு உரிமையோ தேவையில்லை. எந்த மாற்றத்தை யார் செய்தார் என்பது அறிக்கையின் பக்கத்திலேயே பதிவாவதால், தவறான மாற்றங்களை எளிதில் கண்டு மீட்கலாம்.

பிழை மூலத் திட்டத்தில் உள்ளது என்று தெரிந்தால், பராமரிப்பாளர் அறிக்கையை அங்கு அனுப்பி, அங்கு வழங்கப்பட்ட முகவரியை டெபியன் அறிக்கையில் குறித்து வைப்பார். இரண்டு பதிவுகளும் இவ்வாறு இணைக்கப்படுவதால் மூலத் திட்டத்தில் நிகழும் திருத்தம் டெபியனுக்கும் தெரியவரும்.

திருத்தம் செய்த பராமரிப்பாளர் புதிய பதிப்பின் மாற்றப் பதிவேட்டில் வழு எண்ணைக் குறிப்பிடுவார். அப்பதிப்பு களஞ்சியத்தில் ஏறியதும் முறைமை அறிக்கையைத் தானே மூடி, அறிவித்தவருக்கு மடல் அனுப்பும். வழு திருத்தப்படவில்லை என்று கண்டால் அறிவித்தவர் மறுமொழி எழுதலாம். மூடப்பட்டு 28 நாட்கள் வரை மேலும் மடல் வராத அறிக்கை ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்படும். அதன்பின்னும் அதைப் படிக்க இயலும்.

பராமரிப்பாளர் நெடுநாள் செயலற்று இருந்தால், டெபியன் ஆக்குநர் வேறொருவர் முறைப்படி அறிவித்துவிட்டுத் திருத்திய பொதியை வெளியிடலாம். வெளியீட்டுக்கு முந்தைய மாதங்களில், பலர் ஓரிடத்திலோ இணைய உரையாடலிலோ கூடி, வெளியீட்டைத் தடுக்கும் வழுக்களைக் களைவதும் உண்டு. இத்தகைய கூடல்கள் வழுவொழிப்புக் கூடல்கள் எனப்படுகின்றன.

வழு எண்கள் மென்பொருட் பிழைகளுக்கு மட்டும் பயன்படுவதில்லை. கைவிடப்பட்ட பொதிகள், புதிய பராமரிப்பாளரைத் தேடும் பொதிகள், புதிதாகச் சேர்க்கக் கோரப்படும் மென்பொருட்கள் ஆகியனவும் ஒரு போலிப் பொதியின் பெயரில் வழுக்களாகவே பதியப்படுகின்றன. இவ்வகையில் இத்தரவுத்தளம், செய்யவேண்டிய வேலைகள் அனைத்துக்குமான பொதுப் பட்டியலாகவும் விளங்குகிறது.

பாதுகாப்பு வழுக்கள்

முறைமை முழுவதும் பொதுவில் இருப்பதால், இன்னும் வெளியாகாத பாதுகாப்பு ஓட்டையை அங்கு அறிவித்தால் தாக்குநருக்கும் அது தெரிந்துவிடும். எனவே இத்தகைய வழுக்களை முறைமைக்கு அனுப்பாமல் டெபியன் பாதுகாப்புக் குழுவுக்குத் தனி மடலில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது. பிற வழங்கல்களும் மூலத் திட்டமும் திருத்தத்தை ஆயத்தம் செய்வதற்குக் குறுகிய கால இடைவெளி தரப்பட்டு, பின்னர் விவரம் வெளியிடப்படும். ஏற்கெனவே பொதுவில் தெரிந்த ஓட்டைகள் வழக்கமான முறையிலேயே பதியப்படுகின்றன. சிக்கலை மறைக்காமை, பயனரைக் காத்தல் ஆகிய இரு கடமைகளுக்கும் இடையிலான இணக்கமாக இந்நடைமுறை அமைந்துள்ளது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

ஓப்பன்எஸ்எஸ்எல் (2006-2008)

2006 ஏப்ரல் மாதத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதி பற்றி 363516 என்ற எண்ணில் ஓர் அறிக்கை பதிவாயிற்று. நினைவகப் பிழைகளைக் கண்டறியும் வால்கிரைன்ட் என்னும் கருவி, ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் தற்போக்கு எண் ஆக்கி, தொடக்க மதிப்பு இடப்படாத நினைவகத்தைப் படிப்பதாக எச்சரித்தது என்பதே அறிக்கையின் சாரம். எச்சரிக்கை உண்மையானது. ஆனால் அந்நினைவகத்தைப் படித்ததால் தீங்கு எதுவும் விளையவில்லை.

எச்சரிக்கையை நீக்குவதற்காக மூலநிரலின் இரண்டு வரிகளை விலக்குவது பற்றிப் பராமரிப்பாளர் அடுத்த மாதம் ஓப்பன்எஸ்எஸ்எல் மடற்குழு ஒன்றில் கேட்டார். வழு தேடுவதற்கு உதவுமாயின் விலக்கலாம் என்ற பொருளில் விடை கிடைத்தது. ஒன்றுபோலத் தோன்றிய அவ்விரு வரிகளுள் ஒன்று, கணிக்க இயலாத தரவுகளை எண் ஆக்கிக்குள் கலக்கும் பணியைச் செய்து வந்தது. அது விலக்கப்பட்டதும், எண் ஆக்கியின் வேறுபாட்டுக்கு ஆதாரமாக எஞ்சியது செயலாக்கத்தின் அடையாள எண் மட்டுமே. லினக்சில் அவ்வெண்ணின் இயல்பான உச்சவரம்பு 32,768. எனவே ஒவ்வொரு கட்டமைப்பிலும் ஒவ்வொரு வகையிலும் அளவிலும் ஆக்கப்படக்கூடிய மறையாக்கச் சாவிகள் ஏறத்தாழ அத்தனையே என்றாயிற்று. அவற்றை முன்கூட்டியே கணித்துப் பட்டியலிடுவது எவருக்கும் எளிது.

மாற்றம் மூலத் திட்டத்தில் சேராமல் டெபியன் பொதியில் மட்டும் இடம்பெற்றது. பழுதுற்ற முதல் பதிப்பு 2006 செப்டம்பர் 17 அன்று அன்ஸ்டேபிள் பிரிவில் ஏறியது. 2007இல் வெளியான டெபியன் 4.0இலும், டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவிலும் அது பரவியது. லூசியானோ பெல்லோ இதனைக் கண்டறிந்தார். 2008 மே 13 அன்று டெபியன் பாதுகாப்பு அறிவிப்பு வெளியானது. பழுதுற்ற பதிப்புகளில் ஆக்கப்பட்ட எஸ்எஸ்எச், ஓப்பன்விபிஎன் முதலிய சாவிகள் அனைத்தையும் நீக்கிப் புதியன ஆக்கவேண்டியதாயிற்று. வேறு கணினிகளில் முறையாக ஆக்கப்பட்ட டிஎஸ்ஏ வகைச் சாவிகளும், பழுதுற்ற கணினியில் ஒப்பமிடப் பயன்பட்டிருந்தால் நம்பத்தகாதவை என்று அறிவிக்கப்பட்டன.

இந்நிகழ்வில் அறிக்கை உண்மையாக இருந்தது, திருத்தமே தவறாயிற்று. எச்சரிக்கையை நீக்குவதும் வழுவை நீக்குவதும் வேறுவேறு என்பதற்கும், மூலநிரல் மாற்றத்தை முழுமையாக மூல ஆக்குநரின் மீளாய்வுக்கு அனுப்பவேண்டும் என்பதற்கும் இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

எக்ஸ்இசட் பின்கதவு (2024)

கோப்புச் சுருக்க மென்பொருளான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், மூலத் திட்டத்தின் பராமரிப்பில் இடம்பெற்றிருந்த ஒருவர் வழியாகவே பின்கதவு ஒன்று புகுத்தப்பட்டிருந்தது. சில லினக்சு வழங்கல்களில் எஸ்எஸ்எச் வழங்கி இந்நிரலகத்தை மறைமுகமாக ஏற்றுவதால், தாக்குநர் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அது வழிசெய்தது.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தள ஆக்குநரான ஆண்டிரெஸ் பிராய்ன்ட், டெபியன் அன்ஸ்டேபிள் நிறுவப்பட்ட கணினியில் வேக அளவீடுகள் செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் நுழைவுகள் வழக்கத்தைவிட அதிகச் செயலித் திறனை விழுங்குவதைக் கவனித்தார். ஏறத்தாழ 0.3 நொடியில் முடியவேண்டியது 0.8 நொடி எடுத்தது. முன்னர் வால்கிரைன்ட் காட்டிய சில விளங்காத எச்சரிக்கைகளையும் நினைவுகூர்ந்து அவர் காரணத்தைத் தேடினார். டெபியன் பொதி கெடுக்கப்பட்டிருக்கலாம் என்று முதலில் எண்ணியவர், மூலத் திட்டமே கெடுக்கப்பட்டுள்ளது என்று கண்டார். முதலில் தனி மடலில் பாதுகாப்புக் குழுவினருக்குத் தெரிவித்தபின், 2024 மார்ச் 29 அன்று விவரங்களைப் பொதுவில் வெளியிட்டார். அளவீடுகள், பாதிக்கப்படும் நிபந்தனைகள், கண்டறியும் வழி ஆகியவற்றோடு, தாம் உறுதியாக அறியாதவை எவை என்பதையும் அவ்வறிக்கை தனியே கூறியது. டெபியனின் நிலையான வெளியீடு பாதிக்கப்படவில்லை. சோதனைப் பிரிவுகளில் பொதி 5.4.5 பதிப்புக்குப் பின்னோக்கி மாற்றப்பட்டது.

வழு அறிக்கை தீய நோக்கத்துக்கும் பயன்படக்கூடும் என்பதையும் இந்நிகழ்வு காட்டியது. பின்கதவு வெளிப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், மார்ச் 25 அன்று, 5.6.1 பதிப்பை டெபியனில் சேர்க்குமாறு வலியுறுத்தும் அறிக்கை ஒன்று டெபியன் முறைமையில் பதிவானது. அதை அனுப்பியவர் பெயர் புனைபெயர் என்று பின்னர் கருதப்பட்டது. 5.6.0இல் தோன்றிய வால்கிரைன்ட் எச்சரிக்கைகள் நீங்கிவிட்டன என்பதே அப்பதிப்பை ஏற்பதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. இம்மடல்கள் நீக்கப்படாமல் பொதுவில் எஞ்சியிருந்ததால், நிகழ்ந்தவற்றைப் பின்னர் வரிசைப்படுத்தி ஆராய முடிந்தது.

தமிழ் தொடர்பான வழுக்கள்

தமிழ் முதலிய இந்திய மொழிகளில் தோன்றும் எழுத்துக் காட்சி வழுக்கள், பொறுப்பான பொதியைக் கண்டறிவதில் உள்ள சிக்கலுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். "கொ" என்ற எழுத்தில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் வரவேண்டும். உரைத்தொகுப்பி ஒன்றில் இவ்வெழுத்து உடைந்து தோன்றினால், பயனர் அந்த உரைத்தொகுப்பியின் வழு என்றே எண்ணுவார். ஆனால் குறைபாடு எழுத்துருவிலோ, ஆர்ஃபுபஸ் போன்ற எழுத்து வடிவாக்க நிரலகத்திலோ, அதனைப் பயன்படுத்தும் பாங்கோ போன்ற நிரலகத்திலோ இருக்கலாம்.

வேறொரு செயலியில் அதே எழுத்துருவைக் கொண்டும், அதே செயலியில் வேறொரு எழுத்துருவைக் கொண்டும் சோதித்து, இரு விளைவுகளையும் எழுதினால் பொறுப்பான இடம் எளிதில் தெரியவரும். தமிழ் எழுத்து முறையை அறியாத பராமரிப்பாளருக்கு எது பிழை என்பதே கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே ஒருங்குறி எழுத்துகளின் வரிசை, பிழையான தோற்றத்தின் திரைப்பிடிப்பு, சரியான தோற்றத்தின் படம் ஆகிய மூன்றும் இணைக்கப்படவேண்டும். மொழிபெயர்ப்புப் பிழைகளையும் புதிய மொழிபெயர்ப்புக் கோப்புகளையும் மொழியாக்கத்துக்குரிய குறிச்சொல்லுடன் இதே முறைமையில் அனுப்பலாம்.

குறைகளும் விமர்சனங்களும்

- மின்னஞ்சலையும் ஆங்கிலக் கட்டளைகளையும் நம்பியிருப்பதால், வலைப்படிவங்களுக்குப் பழகிய பயனருக்கு முறைமை கடினமாகத் தோன்றுகிறது.
- வழு எண்ணுக்குரிய முகவரிக்கு எழுதப்படும் மறுமொழிகள் நெடுங்காலம் அறிவித்தவருக்குத் தாமாகச் சென்று சேரவில்லை. பராமரிப்பாளர் கேட்ட கேள்வி அறிவித்தவருக்குத் தெரியாமலே போனதும், விடை வரவில்லை என்று அறிக்கை மூடப்பட்டதும் உண்டு.
- முகவரிகள் பொதுவில் இருப்பதால் எரிதமடல்கள் பெருகுகின்றன.
- பல பொதிகளில் ஆண்டுக்கணக்கில் மறுமொழி பெறாத அறிக்கைகள் தேங்கியுள்ளன. பராமரிப்போர் தன்னார்வலர்கள் என்பதே இதற்கு முதன்மைக் காரணம்.
- கருவிகளைக் கொண்டு ஒரே வகை வழுவை நூற்றுக்கணக்கான பொதிகளில் கண்டுபிடித்து ஒரேயடியாக அறிவிப்பது பராமரிப்பாளருக்குச் சுமையாகிறது. எனவே இத்தகைய பெருந்தொகை அறிவிப்புக்கு முன் ஆக்குநர் மடற்குழுவில் கலந்து பேசவேண்டும் என்று விதி உள்ளது.

பிற முறைகள்

டெப்பக்ஸ் மென்பொருளைக் குனூ திட்டமும் பயன்படுத்துகிறது. மோசில்லா திட்டத்துக்காக 1998இல் டெர்ரி வைஸ்மன் எழுதிய பக்சில்லா, வலைப்படிவத்தின் வழி அறிக்கை பெறும் முறையைப் பரவலாக்கியது. ஃபெடோரா முதலிய திட்டங்கள் அதனைப் பயன்படுத்துகின்றன. உபுண்டு தன் வழுக்களை லாஞ்ச்பேட் என்னும் தளத்தில் பதிகிறது. ஆகவே உபுண்டுப் பயனர் தாம் கண்ட வழுவை அங்கு அறிவிக்கவேண்டும். அதே வழு டெபியனிலும் உள்ளதென்று சோதித்து அறிந்தால் மட்டுமே டெபியனுக்கு எழுதவேண்டும். கிட்ஹப், கிட்லேப் ஆகிய தளங்களில் மூலநிரல் வைத்துள்ள திட்டங்கள் அத்தளங்களின் வழுப் பட்டியல்களையே பயன்படுத்துகின்றன. எந்த முறையில் அனுப்பினாலும் பொதியின் பெயர், பதிப்பு, வழுவைத் தோற்றுவிக்கும் படிகள், எதிர்பார்த்த விளைவு, கிடைத்த விளைவு ஆகிய ஐந்தும் அறிக்கையில் இடம்பெறவேண்டும் என்பது இம்முறைகள் அனைத்துக்கும் பொதுவானதாகும்.